யார் குரலில் யார் பாட்டு? ஓபரா அரங்கும் தென்னாசியப் பாடகர்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், கிள்ளானைச் சேர்ந்த மாணவி ஒருவர், மேலை ஓபரா அரங்கில் தென்னாசியப் பாடகர்கள் என்னும் பொருளைத் தமது இளங்கலை ஆய்வேட்டிற்குத் தெரிவு செய்துகொண்டு நம்மிடம் வந்தார். தேவாலயப் பாடகர் குழுவில் சிறுவயது முதல் பாடி வந்தவர் அவர். தலைப்பைப் பரிசீலித்த குழுவில் எழுந்த முதற்கேள்வி, இஃது இந்திய ஆய்வியலுக்குள் அடங்குமா என்பதாகும். இரண்டாம் கேள்வி இன்னும் நேரடியானது: தேவாரமும் கீர்த்தனையும் இருக்கத் தமிழ்ப்பிள்ளைக்கு ஓபரா எதற்கு? மாணவி தலைப்பை மாற்றிக்கொண்டார். அக்குழுவில் நாமும் ஒருவராக அமர்ந்திருந்தோம், வாய்திறக்கவில்லை. இவண் அதனை மறைப்பது முறையன்று. இக்கட்டுரை அவ்விரு கேள்விகளையும் காலந்தாழ்ந்தேனும் எதிர்கொள்ள முற்படுகிறது.

‘ஓபரா’ மலாயாவுக்கு வந்த வழி

ஓபரா என்றவுடன் மொசார்ட்டும் வெர்டியும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் மலாயா மக்களின் செவிக்கு இச்சொல் வந்து சேர்ந்த வழி வேறு. 1870களில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுவினர் பினாங்குத் தீவுக்கு வந்து இந்துஸ்தானி மொழியில் இசைநாடகங்களை நடத்தினர். அவற்றைக் கண்டு வியந்த உள்ளூர்க் கலைஞர் அதே பாணியில் மலாய்மொழி நாடகங்களை உருவாக்கினர். மாமாக் பூசி என்பார் 1885ஆம் ஆண்டளவில் தொடங்கிய குழுவே இவற்றுள் முன்னோடி எனப்படும். இதுவே பின்னர் ‘பங்சாவான்’ என வழங்கலாயிற்று. இக்குழுக்கள் பலவும் ‘ஓபரா’ என்னும் சொல்லைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டன. ஆங்கில நாளேடுகளும் இதனை ‘மலாய் ஓபரா’ என்றே குறித்தன. தான் சூய் பெங் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட பங்சாவான் பற்றிய நூல் இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது.

ஒரே மேடையில் இந்திரசபாவும் லைலா மஜ்னுவும் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டும் நடந்தன. ஆர்மோனியமும் தபேலாவும் வயலினும் உடனொலித்தன. மலாய்க்காரர், தமிழ் முஸ்லிம்கள் உள்ளிட்ட இந்தியர், சீனர், யுரேசியர் ஆகியோர் நடிகராகவும் இசைஞராகவும் காண்போராகவும் கலந்திருந்தனர். இஃது எவருடைய கலை என்று அக்காலத்தார் கேட்டிருப்பின் எளிதில் விடை கிடைத்திராது.

இதே பார்சி அரங்கு தமிழகத்திலும் தன் தடத்தைப் பதித்தது. அருணாசலக் கவிராயரின் இராமநாடகமும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும் பயின்ற செவிகளுக்குப் பாட்டால் கதை நடத்துதல் புதிதன்று; ஆயினும் திரைச்சீலையும் மேடை உத்திகளும் பார்சிக் குழுக்களால் பரவின. சங்கரதாச சுவாமிகள் காலத்து நாடக மேடை இவ்விரண்டும் கூடிப் பிறந்தது எனலாம். இலங்கையில் அதே அரங்கின் வழிவந்த சிங்கள இசைநாடகம் ‘நூர்த்தி’ எனப்பட்டது. பங்சாவான், தமிழ் இசைநாடகம், நூர்த்தி ஆகிய மூன்றும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். இவ்வுறவை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். கொழும்பு நிகழ்ச்சி ஒன்றைப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

மேடையேறிய கிழக்கும் மேடைக்கு வெளியே நின்ற கிழக்கும்

ஐரோப்பிய ஓபரா இந்தியாவையும் இலங்கையையும் நெடுங்காலம் கதைக்களமாக ஆண்டது. பிசே தமது 24ஆம் அகவையில் இயற்றி, 1863ஆம் ஆண்டு செப்டம்பரில் பாரிசில் அரங்கேறிய ‘முத்துக்குளிப்போர்’ இலங்கைக் கடற்கரையில் நிகழ்வது. அதன் மாந்தர் லைலா, நாதிர், சுர்கா என்னும் பெயருடையோர்; பிரமனை வழிபடுவோர். மன்னார் வளைகுடாவில் உண்மையாக முத்துக்குளித்தவர்களோ தமிழ்பேசும் பரதவரும் முஸ்லிம்களும். பரதவர் 1530களிலேயே கத்தோலிக்க சமயத்தைத் தழுவியவர்கள். இயற்றியோர் முதலில் மெக்சிகோவையே களமாகக் கருதியிருந்தனர் என்பதை அறியும்போது, இலங்கை அங்கு ஒரு திரைச்சீலை மட்டுமே என்பது விளங்கும். திலீப் இயற்றி 1883ஆம் ஆண்டு அரங்கேறிய ‘லக்மே’ நீலகண்டன் என்னும் பிராமணக் குருவின் மகள் ஆங்கிலேய அதிகாரியைக் காதலித்து நஞ்சுண்டு மடியும் கதை. இசை இனியது என்பதில் ஐயமில்லை. அதன் மணிப்பாடல் உச்சக்குரல் பாடகியரின் உரைகல்லாக இன்றும் விளங்குகிறது. நாம் இங்குக் கேட்பது இசையைப் பற்றியதன்று. அப்பாடல்களைப் பாடும் வாய்ப்பு அந்நிலத்து மக்களுக்கு எப்போது கிடைத்தது என்பதே கேள்வி.

அக்கேள்விக்கு முன்னதாக 1838ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைச் சுட்டவேண்டும். கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக் கோயிலைச் சார்ந்த தேவதாசியரும் அவர்தம் இசைஞரும் பிரெஞ்சு வணிகர் ஒருவரால் ஒப்பந்தம் செய்யப்பட்டுப் பாரிசு சென்றனர். ஆகஸ்டில் பாரிசிலும் அக்டோபரில் இலண்டன் அடெல்ஃபி அரங்கிலும் ஆடினர். அவருள் அம்மணி என்னும் இளம்பெண்ணைக் கண்டு எழுத்தாளர் கோத்தியே மயங்கி எழுதினார். சிற்பி பார் அவரை வெண்கலத்தில் வடித்தார். ஆடலைப் புகழ்ந்த அதே நகரத்தார் உடன்வந்த பாட்டையும் தாளத்தையும் பெரும்பாலும் விந்தையொலியாகவே கொண்டனர். கோத்தியே இருபதாண்டுக்குப் பின் ‘சகுந்தலா’ நாட்டிய நாடகத்திற்குக் கதை எழுதினார். அதை ஆடியோர் ஐரோப்பியர். கிழக்கின் உருவம் வேண்டியிருந்தது, கிழக்கின் குரல் வேண்டியிருக்கவில்லை.

குரலை உருவாக்கல்

ஓபராப் பாடகர் ஒருவர் உருவாகும் முறையைத் தமிழாசிரியர்க்குச் சற்று விளக்குதல் தகும். நம் கச்சேரி மேடையில் தம்புராவின் சுருதியும் ஒலிவாங்கியும் துணைநிற்கின்றன. கமகத்தின் நுட்பமே குரலின் அழகு. ஓபராவில் ஒலிவாங்கி கிடையாது. எழுபது பேர் கொண்ட வாத்தியக் குழுவைக் கடந்து, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கு போன்ற ஏறத்தாழ 3,800 இருக்கை கொண்ட மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் தனிக்குரல் எட்டவேண்டும். சுவீடன் நாட்டு அறிஞர் யோகான் சுண்ட்பெரி இதன் இயக்கத்தை ஆராய்ந்தார். பயின்ற பாடகரின் தொண்டை, நொடிக்கு ஏறத்தாழ 3,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் ஒலியைச் செறிவாக்குகிறது. வாத்தியக் குழுவின் ஒலி அப்பகுதியில் மெலிந்திருப்பதால் குரல் தனித்துக் கேட்கிறது. இத்திறன் பல்லாண்டுப் பயிற்சியால் வருவது. இனத்தாலோ தோலின் நிறத்தாலோ வருவதன்று.

எனினும் வாயில்கள் எளிதில் திறக்கவில்லை. 1939ஆம் ஆண்டு வாசிங்டனின் பெருமண்டபம் ஒன்று கறுப்பினத்தவர் என்பதற்காக மேரியன் ஆண்டர்சனுக்கு மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் லிங்கன் நினைவகப் படிகளில் நின்று ஏறத்தாழ 75,000 பேர் முன் அவர் பாடினார். மெட்ரோபாலிட்டன் மேடை அவருக்குக் கிடைத்தது 1955 சனவரியில், அவருடைய 57ஆம் அகவையில். மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டின் இறுதியில் அவரையே அமெரிக்க அரசு தன் நல்லெண்ணத் தூதராக ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது. உள்நாட்டில் பின்வாயிலும் வெளிநாட்டில் முன்வாயிலும் காட்டப்பட்ட கலைஞர் அவர்.

தென்னாசியரைப் பொறுத்தவரை, பம்பாயில் பிறந்த கோவா வழியினரான பட்ரீசியா ரொசாரியோ முன்னோடியாவார். இலண்டன் கில்டால் இசைப்பள்ளியில் பயின்ற அவர் தம்மை ‘இந்தியப் பாத்திரங்களுக்கான இந்தியர்’ என்று அடைத்துவைக்க இடந்தரவில்லை. ஆங்கில இசையமைப்பாளர் ஜான் டாவனர் அவர் குரலுக்கென்றே பல படைப்புகளை எழுதினார். 1992ஆம் ஆண்டு ஆல்டுபரோ விழாவில் அரங்கேறிய ‘எகிப்தின் மேரி’ ஓபராவில் தலைமைப் பாத்திரத்தை ஏற்றவர் ரொசாரியோவே. எழுதி வைத்த பாத்திரத்திற்குள் ஒருவர் நுழைவது வேறு. அவர் குரலைக் கேட்டுப் பாத்திரம் எழுதப்படுவது வேறு. பின்னது அரிது. 2001ஆம் ஆண்டு பிரித்தானிய அரசின் விருது பெற்ற அவர், தம் கணவரான பியானோ கலைஞர் மார்க் துரூப்புடன் இந்திய நகரங்களில் இளையோர்க்கு மேலைக் குரற்பயிற்சி அளிக்கும் திட்டத்தையும் நடத்தினார்.

இலங்கைப் பறங்கியர் வழிவந்து 1979இல் மெல்பர்னில் பிறந்த டானியேல் டி நீஸ் 19 அகவையில் மெட்ரோபாலிட்டன் மேடையேறினார். 2005ஆம் ஆண்டு கிளைண்ட்பர்ன் விழாவில் ஹாண்டலின் ‘ஜூலியஸ் சீசரில்’ கிளியோபாத்ராவாக அவர் பெற்ற புகழ் பெரிது. பேரரசுக் காலப் பின்னணியில் அமைந்த அவ்வரங்கேற்றத்தில் பாலிவுட் பாணி ஆட்டமும் சேர்க்கப்பட்டிருந்தது. கண்டு மகிழ்ந்தோம், ஆயினும் பன்மைப் பண்பாடு என்பது மேலை அரங்கில் பலவேளை ஒப்பனைப் பெட்டியிலேயே நின்றுவிடுகிறது என்னும் எண்ணத்தையும் தவிர்க்க இயலவில்லை.

சத்தியாகிரகமும் தமிழும்

பிலிப் கிளாஸ் இயற்றிய ‘சத்தியாகிரகா’ நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ராட்டர்டாம் நகரின் வேண்டுகோளால் எழுதப்பட்டு 1980 செப்டம்பரில் அங்கு அரங்கேறிய இது, காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டது. பாடல் வரிகள் முழுவதும் பகவத்கீதையிலிருந்து எடுத்த வடமொழி. முனைவர் பட்ட ஆய்வுக்காக இலண்டனில் தங்கியிருந்த நாள்களில், 2010ஆம் ஆண்டு இங்கிலாந்து தேசிய ஓபராவின் மறு அரங்கேற்றத்தைக் கண்டோம். மேடையெங்கும் செய்தித்தாள், தாள்களைச் சுருட்டியும் ஒட்டியும் பேருருவங்கள் செய்தனர். அயலிருக்கை ஆங்கிலேயர்க்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நமக்குத் தர்மம், கர்மம், யுத்தம் எனச் சில சொற்கள் பிடிபட, மற்றவை நழுவின. அந்த அரைகுறைப் புரிதலே ஒரு விசித்திரமான உரிமையுணர்வைத் தந்தது.

பின்னர்ச் சிந்திக்கையில் வேறொன்று உறுத்தியது. அதன் காட்சிகளுள் ஒன்று ‘இந்தியன் ஒப்பீனியன்’ என்னும் இதழைப் பற்றியது. 1903ஆம் ஆண்டு தொடங்கிய அவ்விதழ் ஆங்கிலம், குசராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. இறுதி அங்கத்திற்குப் பொருளான 1913ஆம் ஆண்டின் நியூகாசில் நடைப்பயணத்தில் நடந்த சுரங்கத் தொழிலாளருள் தமிழர் மிகுதி. சிறைசென்று நோயுற்று 1914 பெப்ரவரியில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை அப்போராட்டத்தின் பிள்ளை. ஆயின் ஓபராவில் தமிழ் ஒரு சொல்லும் இல்லை. கிளாஸ் நாடியது கீதையின் மெய்ப்பொருளை. ஒப்பந்தக் கூலியின் மொழியை அன்று. தோட்டப்புறத்திலிருந்து வந்த மலேசியத் தமிழர்க்கு இவ்விடுபடல் கண்ணிற்படாமற் போகாது. குறையாக இதனைச் சொல்லவில்லை. அடுத்த ஓபரா ஒன்றுக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது என்றே சொல்கிறோம்.

காந்தியாக நடித்தோர் வரிசையும் நோக்கத்தக்கது. 1980இல் டக்ளஸ் பெரி. 2008இல் மெட்ரோபாலிட்டன் மேடையில் ரிச்சர்ட் குரோஃப்ட். இருவரும் வெள்ளை அமெரிக்கர். 2018ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஓபரா அப்பாத்திரத்தை இலங்கைப் பெற்றோர்க்குப் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஷான் பணிக்கருக்கு அளித்தது. அதே ஆண்டு சால்ஸ்பர்க் விழாவில் ஹென்ஸேயின் ஓபராவில் கிரேக்கத் தெய்வம் டயோனிசசாகவும் அவர் பாடினார். நம் கருத்தில் காந்தி வேடத்தைவிட இவ்விரண்டாவதே முதன்மையான செய்தி. காந்தி வேடத்திற்குத் தென்னாசியரைத் தேடுவது எவர்க்கும் தோன்றும். கிரேக்கத் தெய்வத்திற்கு அவரை அழைப்பதற்குக் குரலையன்றி வேறு காரணம் இல்லை.

கொழும்பு, 2016

இதுகாறும் மேற்கின் வாயில்களைப் பேசினோம். வீட்டு வாயில் எவ்வாறிருந்தது?

கிஷானி ஜயசிங்க கொழும்பில் வளர்ந்து, இலண்டன் ராயல் இசைக்கழகத்தில் பயின்று, ராயல் ஓபரா ஹவுசின் இளங்கலைஞர் திட்டத்தில் இடம்பெற்ற உச்சக்குரல் பாடகி. 2016 பெப்ரவரி 4ஆம் நாள், காலிமுகத்திடலில் நடந்த இலங்கையின் 68ஆவது சுதந்திர தின விழாவில் ‘தன்னோ புதுங்கே’ என்னும் புகழ்பெற்ற சிங்களப் பாடலை ஓபராக் குரலில் பாடினார். புத்தநெறியைப் போற்றும் அப்பாடலைப் பலரும் ஏறத்தாழ வழிபாட்டுப் பாடலாகவே கருதுகின்றனர். மறுநாள் முதல் ஏச்சும் ஏளனமும் பெருகின. தனியார் தொலைக்காட்சி ஒன்றின் காலை நிகழ்ச்சியில் அவர் பாடிய முறை இழிவாகப் பேசப்பட்டது. பௌத்தப் பண்பாட்டை மேற்கிற்கு அடகுவைத்துவிட்டதாகச் சிலர் குற்றஞ்சாட்டினர். நாட்டின் தலைமை அமைச்சரே பாடகிக்காகப் பேசவேண்டிய நிலை எழுந்தது.

மரபு காப்பதாக முழங்கியோர் மறந்த வரலாறு ஒன்றுண்டு. அப்பாடல் ஜோன் டி சில்வா எழுதி 1903ஆம் ஆண்டு மேடையேறிய ‘சிறிசங்கபோ’ என்னும் நூர்த்தி நாடகத்திற்குரியது. அநுராதபுர நகரைத் தொலைவிலிருந்து காணும் இளவரசர் பாடுவது. இசையமைத்தவர் விஷ்வநாத் லாவ்ஜி என்னும் வட இந்தியர். அவருக்குச் சிங்களம் தாய்மொழியன்று. நாடக வடிவமோ பார்சி அரங்கின் வழியது. பிற்காலத்தில் மேலைக் குரற்பயிற்சி பெற்ற ஹுபர்ட் ராஜபக்ச அதனைப் பாடி இசைத்தட்டில் பதிந்து பரப்பினார். ஆக, ‘தூய’ மரபு எனப்பட்டது பம்பாயும் கொழும்பும் ஐரோப்பாவும் கைகோத்த ஒன்று. பினாங்கின் பங்சாவானுக்கு உடன்பிறப்பு. ஜயசிங்க மரபை மீறவில்லை, அதன் ஒரு கிளையைத் தொடர்ந்தார் என்றே வரலாறு காட்டுகிறது.

அவ்விழாவில் மற்றொன்றும் நிகழ்ந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் நாட்டுப்பண் தமிழிலும் பாடப்பட்டது. ஒரே நாளில் இரண்டு குரல்கள்: ஒன்று சிங்களப் பாடலை அயற்குரலிலும் மற்றொன்று நாட்டுப்பண்ணை ‘அயல்’ எனக் கருதப்பட்ட உள்நாட்டு மொழியிலும் ஒலித்தன. இரண்டையும் எதிர்த்தோர் பலவிடத்து ஒருவரே என்பதில் வியப்பில்லை. 2020ஆம் ஆண்டு விழாவில் தமிழ் நாட்டுப்பண் மீண்டும் கைவிடப்பட்டது. ஒரு பாட்டை எந்தக் குரலில் எந்த மொழியில் பாடலாம் என்னும் வினா இசையறிஞரின் பொழுதுபோக்கு வினா அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் பக்கத்துக் கண்ணாடி

சிங்களர் செயலைச் சுட்டி நாம் மனநிறைவு கொள்வதற்கில்லை. 1943ஆம் ஆண்டு சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றவேண்டியிருந்ததே, தமிழகத்துச் செவ்வியல் மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டுத்தான். அப்போராட்டத்தை நாம் பெருமையோடு கற்பிக்கிறோம். அதே மூச்சில் அயலார் நம் இசையைப் பாடினால் எவ்வாறு கேட்கிறோம்?

ஜான் ஹிக்கின்ஸ் என்னும் அமெரிக்கர் டி. ரங்கநாதனிடமும் டி. விசுவநாதனிடமும் கற்று 1965ஆம் ஆண்டு திருவையாறு ஆராதனையில் பாடினார். ‘பாகவதர்’ எனப் போற்றப்பட்டார். 1984 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். அவருக்குக் கதவு திறந்தோர் வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள் என்பதை இங்கு அழுத்திச் சொல்லவேண்டும். சென்னைச் சபைகளில் தாமே ஓரங்கட்டப்பட்டுக்கொண்டிருந்த இசைவேளாளர் மரபினர் அயலவர்க்குத் தம் வீட்டுச் சொத்தை அள்ளிக்கொடுத்தனர். காஜாங்கில் 1953இல் பிறந்த ரம்லி இப்ராகிம் அடையாறு கே. இலட்சுமணனிடம் பரதமும் தேபபிரசாத் தாசிடம் ஒடிசியும் பயின்று, 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவை நிறுவினார். 2018ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது அவரைச் சேர்ந்தது. மலேசியச் சீனரான சோங் சியூ சென், டி. கே. பட்டம்மாளிடம் பாடம் கேட்டுச் சென்னை மேடைகளில் கருநாடக இசை பாடினார். 1981ஆம் ஆண்டு சுவாமி சாந்தானந்த சரசுவதி தொடங்கி, இன்று பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் நுண்கலைக் கோயிலின் வகுப்புகளிலும் பல இனத்துப் பிள்ளைகளைக் காணலாம்.

இவர்களை நாம் பாராட்டுகிறோம். ஆயின் அப்பாராட்டின் தொனியைக் கூர்ந்து கேட்டால், ‘சீனராயிருந்தும்’, ‘மலாய்க்காரராயிருந்தும்’ என்னும் ஒட்டுச்சொல் பெரும்பாலும் உடன்வருகிறது. ரொசாரியோவைப் பற்றி இலண்டனில் ‘இந்தியராயிருந்தும்’ என்று எழுதினால் நாம் சினங்கொள்வோம். அயலார் நம் கலைக்கு வருவதை வெற்றியாகவும், நம் பிள்ளை அயற்கலைக்குப் போவதை இழப்பாகவும் எண்ணும் கணக்கு நேராகாது. நம் ஆய்வுக்குழுவில் எழுந்த இரண்டாம் கேள்வி அக்கணக்கிலிருந்தே பிறந்தது.

முதற்கேள்விக்கு, அஃதாவது இது துறைக்குள் அடங்குமா என்பதற்கு, மேலே சொன்னவையே விடை. மன்னார்ப் பரதவரும் திருவந்திபுரத்து அம்மணியும் நியூகாசில் தொழிலாளரும் பினாங்குப் பார்சி மேடையும் எத்துறைக்குள் அடங்குவர்? 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய தனிநாயக அடிகள், உலகின் பல மொழிகளைக் கற்று அவற்றின் வழியே தமிழை நோக்கியவர். அவர் அமர்ந்த துறையின் வாரிசுகள் நாம்.

அம்மாணவி பின்னர்த் தாலாட்டுப் பாடல்களைப் பற்றி ஆய்வேடு எழுதி நல்ல புள்ளிகள் பெற்றார். இப்போது தமிழ்ப்பள்ளியொன்றில் ஆசிரியராக இருக்கிறார். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடுவதாகக் கேள்விப்படுகிறோம். அவர் கைவிட்ட தலைப்பை நம் துறையில் இன்னும் எவரும் எடுத்துக்கொள்ளவில்லை.